பன்னிரண்டாம் தறி

கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையில்
மொழிபெயர்ப்பாளர் என்று போட்டிருந்தது.
நகரி பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார்.
இங்கிலீஷ் சாருக்கு அம்மை போட்டிருந்ததால்
ஜாஸ் விழா என் தலையில் விழுந்தது.

ஏழு நாட்டுக்காரர்கள், மூன்று நாள்.
ராத்திரி மைதானத்தில் கச்சேரி,
பகலில் பிள்ளைகளுக்குப் பாடம்.
டர்பனிலிருந்து வந்த லின்டிவே
இரண்டு குச்சிகளோடு
தமிழ் மீடியம் எட்டாம் வகுப்பில் நின்றாள்.

ப்ளூஸ் என்றாள்.
நீலம் என்றேன்.
முப்பத்தொரு தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது.
சாயப்பட்டறைக் கால்வாய் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.
"நேத்துதான் சார் நீலம்" என்றான் முனிரத்தினம்.

துக்கம் என்று திருத்தினேன்.
"சாவு மேளமா சார்?"
இல்லை, இதற்கு ஆடலாம்.
"அதானே சார் சாவு மேளம்."
இதை அவளுக்குச் சொன்னேன்.
குச்சியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்,
பிறகு சிரிக்காமல் தலையாட்டினாள்.

ஸ்விங் வந்தது அடுத்து.
ஊஞ்சல் என்றேன்; பிள்ளைகள் சீராக ஆடிக் காட்டினார்கள்.
அதில்லை, என்றாள்.
முதல் பாதி கொஞ்சம் தங்கும்,
மறுபாதி ஓடிவந்து பிடிக்கும்.
அவ்வளவுதானே என்று கரும்பலகையில்
2 : 1 என்று எழுதினேன்.
உள்ளங்கையால் அழித்தாள். கிட்டத்தட்ட, என்றாள்.
இருபத்திரண்டு வருஷத்தில்
என் விகிதத்தை யாரும் அழித்ததில்லை.

மத்தியானம் ஏகாம்பரகுப்பம் வழியாகச் சாப்பிடப் போனோம்.
தேசிங்கு கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள்.
பதினோரு தறி தடக்கு தடக்கு என்று ஓட
மூலையில் ஒன்று மட்டும்
தடக்… தக்
தடக்… தக்.

தேசிங்குக்கு வெட்கம்.
"பல்சக்கரத்துல ஒரு பல் போச்சு,
சேலத்துல இருந்து சாமான் வரணும்,
துணியில கோடு விழுது, ரெண்டாம் தரம்தான் போகும்."
ஞாயிற்றுக்கிழமை வரை ரிப்பேர் செய்யாதீர்கள், என்றாள்.
அதற்கு வாடகை உண்டு.
"நொண்டித் தறிக்கா?" என்றவர்
மூச்சு விடாமல் நாளுக்கு ஐந்நூறு என்றார்.

"சும்மா!" என்றாள் லின்டிவே.
அவளிடம் இருந்த ஒரே தமிழ்ச் சொல்.
டர்பன் சந்தையில் காய் விற்கும்
மூட்லி வீட்டம்மா விலை சொல்லும்போது
எதிரே நிற்பவர்கள் சொல்வதாம்.
"மூட்லியா? முதலியா?"
என்று என்னை இரண்டு தரம் கேட்டார் தேசிங்கு.
ஐம்பது குறைத்தார்.

மறுநாள் வகுப்பு கொட்டகையில் நடந்தது.
டிபன் பாக்ஸ், காலி பாபின், பெஞ்சுக் கால்.
நாலு தறி பார்க்கும் புஷ்பாவதி
காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னாள்:
"எட்டு மாசமா இதோடதான் நிக்கறேன்.
ஆகலி நேரத்துல இது வேற மாதிரி கேக்கும்."
பசியை அவள் ஆகலி என்றுதான் சொல்வாள்,
பாதி தெலுங்கு.
அந்த ஒரு வாக்கியம்தான்
நான் தடுமாறாமல் மொழிபெயர்த்தது.
லின்டிவே பதில் சொல்லவில்லை.
குச்சியால் தன் முழங்காலில், மிக மெதுவாக,
பன்னிரண்டாம் தறிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தாள்.

பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
மற்றவை பட்டென்று நின்றன.
நொண்டி மட்டும்
தடக்…
என்று சொல்லிவிட்டு மீதியை வைத்துக்கொண்டது.
மீதியை முனிரத்தினம் டிபன் பாக்ஸில் சொன்னான்.
சரியான இடமா என்று எனக்குத் தெரியாது.
லின்டிவே திரும்பிப் பார்த்தாள்.

ஞாயிறு ராத்திரிக் கச்சேரிக்கு மழை.
நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
கொஞ்சம் பேர் கேட்டோம்.
திங்கட்கிழமை சேலத்துச் சாமான் வந்தது.
புஷ்பாவதி பஞ்சை மறுபடி வைத்துக்கொண்டாள்.

செலவுக் கணக்கு என் பொறுப்பு.
தறிக்குக் கொடுத்த ஆயிரத்து முந்நூற்றைம்பதை
எந்தத் தலைப்பில் காட்டுவது?
இசைக்கருவி வாடகை
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
சந்தேகம் இருந்தால் தணிக்கைக்காரர்
கொட்டகைக்கே வந்து கேட்கட்டும்
என்று நினைத்த பிறகுதான் உறைத்தது:
தறி நேராகிவிட்டது.
அங்கே கேட்க ஒன்றுமில்லை.